இழப்பீட்டு மனுவும் ராஜிப் பணமும்

கேள்வி: நான் மதுரை திருநகரில் வசிக்கும் 26 வயதுப் பெண். இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு மாட்டுத்தாவணியில் பேருந்தை விட்டிறங்கி, செயலி மூலம் வாடகைக் கார் எடுத்தேன். ஓட்டுநர் வழியை மாற்றி ரிங் ரோட்டில் வண்டியை நிறுத்தி என்னிடம் அத்துமீறினான். கதவைத் திறந்து ஓடித் தப்பினேன். மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகி, கைதானவன் இப்போது ஜாமீனில் இருக்கிறான். நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தந்ததோடு சரி. எனக்குத் தூக்கமில்லை, வேலையையும் விட்டுவிட்டேன். அவன் தரப்பில் ஒரு தொகை தருவதாகப் பெரியப்பா மூலம் தூது வருகிறது. இழப்பீடு கேட்கலாம் என்கிறாள் தோழி. 'மானத்துக்கு விலை பேசுவதா?' என்று அம்மா அழுகிறார். அமெரிக்காவில் கம்பெனி மீதே வழக்குப் போடுகிறார்களாமே, இங்கே முடியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்த இரவிலேயே காவல் நிலையப் படியேறிய உங்கள் துணிவுக்கு முதலில் என் வணக்கம். உங்கள் வீட்டில் இரண்டு வெவ்வேறு பணங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா மூலம் வருவது வழக்கை ராஜியாக்க அவன் தரும் பணம். தோழி சொல்வது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தன் நிதியிலிருந்து தர வேண்டிய இழப்பீடு. பின்னதைப் பெறுவதால் நீங்கள் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. வழக்கு அதன் போக்கில் நடக்கும்.

இந்த உரிமை 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்றே தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று, 2018 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் பாலியல் வல்லுறவுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரையும், மறுவாழ்வு தேவைப்படும் மனப் பாதிப்புக்கு 1 லட்சம் முதல் 2 லட்சம் வரையும் குறிக்கப்பட்டுள்ளது. உடலில் காயம் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டாம். தூக்கமின்மையும் வேலையை விட நேர்ந்ததும் இந்தத் திட்டத்தின் கண்ணில் பாதிப்புதான். ஆனால் அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். ஆகவே இந்த வாரமே அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். சான்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் மறுபடி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதுதான் எனக்கு முதல் கவலை.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவக் குறிப்புகள், வேலை இழந்ததற்கான ஆவணம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு மனுக் கொடுங்கள். இடைக்கால நிவாரணமும் வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விசாரணையை இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

நிறுவனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஊபர் நிறுவனமே வெளியிட்ட அறிக்கைப்படி, 2017, 2018 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவில் அதன் பயணங்களில் 5,981 பாலியல் அத்துமீறல் புகார்கள் வந்தன. அங்கே பெண்கள் தொடுத்த வழக்குகள் பல, 2023 முதல் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. 2014-இல் டெல்லியில் ஊபர் ஓட்டுநரால் வல்லுறவுக்கு ஆளான பெண்ணும் அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வானது. 'ஓட்டுநர் எங்கள் ஊழியர் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்' என்பதே இத்தகைய நிறுவனங்கள் பல நாடுகளில் முன்வைக்கும் வாதம். 2018-இல் பெங்களூரில் ஓலா ஓட்டுநரால் துன்புறுத்தப்பட்ட பெண்ணின் வழக்கில், 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த வாதத்தை ஏற்காமல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டார். ஆயினும் அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்துவிட்டதால், அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

உங்களுக்கு இன்னொரு வழி உண்டு. கட்டணம் செலுத்திய நீங்கள் நுகர்வோர். பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்காதது சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கெடு இரண்டு ஆண்டுகள். 'பணத்துக்காகப் பொய் சொல்கிறாள்' என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடும் என்பதால், கெடுவுக்கு இடம் இருந்தால், குற்ற வழக்கில் சாட்சி சொல்லி முடித்தபின் இதைத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அதுவரை அந்தச் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்காதீர்கள். பயண ரசீது, வழித்தடம், ஓட்டுநர் விவரம், நிறுவனத்தின் பதில்கள் யாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பயணப் பதிவுகளை அழிக்கக் கூடாது என்று நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: சாலை விபத்தில் கால் ஒடிந்தவர் இழப்பீடு வாங்கினால், காலுக்கு விலை பேசினார் என்று திருநகரில் யாரும் சொல்வதில்லை. சமரசம் பேசினால் மட்டும் இத்தகைய வழக்கு முடிந்துவிடாது என்று பெரியப்பாவிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கும். மாணவியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று காட்டி ஓர் ஆசிரியர் மீதான பாலியல் வழக்கை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்த உத்தரவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கி, விசாரணை தொடர வேண்டும் என்றது. இனித் தூது வந்தால், வந்தவர் யார், எந்த நாள், என்ன சொன்னார் என்பதைக் குறித்துவைத்து விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். ஜாமீனில் இருப்பவன் சாட்சியைக் கலைக்க முயல்கிறான் என்று காட்ட முடிந்தால், அந்த ஜாமீனையே ரத்து செய்யக் கோரலாம்.