யேட்ஸும் குயில் கடிகாரமும் – கடிதம்

அன்புள்ள சார்,

ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் ‘இரண்டாம் வருகை’ கவிதை எனக்கு மனப்பாடம். அதே மனிதர் மறைஞானம் பேசிய பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபையில் (தியோசாபிகல் சொசைட்டி) இருந்தார், ஆவிகளைத் தேடினார் என்று படித்ததும் சப்பென்று ஆகிவிட்டது. எப்படி இதில் போய் விழுந்தார்? கவிதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடலாம்தானே?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

விழுந்தார் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்தே போனவர் அவர். 1884 கடைசியில் ரிச்சர்ட் ஹாட்ஜ்ஸன், ஆவி விவகாரங்களை ஆராய்வதற்கென்றே லண்டனில் இருந்த கழகத்தின் சார்பில், சபையின் தலைமையகம் இருந்த நம் அடையாறுக்கே வந்து 3 மாதம் துருவிவிட்டு, அம்மையார் காட்டிய அற்புதமெல்லாம் பித்தலாட்டம் என்று அறிக்கை எழுதினார். அந்தச் சூடு ஆறுவதற்குள், 1887-ல், யேட்ஸ் லண்டனில் அம்மையாரைப் பார்க்கப் போகிறார். அறையில் ஒரு குயில் கடிகாரம், மணியடிக்கக் குயில் பொம்மை வெளியே வந்து கூவுமே, அது. அதை ஓட்டும் எடைக்குண்டுகள் கழன்று தரையில் கிடக்கின்றன, ஆனாலும் கூவுகிறது. இவர் எழுந்துபோய் அதை நோண்ட ஆரம்பிக்க, பின்னாலிருந்து அம்மையாரின் குரல்: கடிகாரத்தை உடைத்துவிடாதே! இதை யேட்ஸே எழுதியிருக்கிறார்.

1888-ல் சபையின் ரகசியப் பிரிவில் சேர்ந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பூவை எரித்து, சாம்பலைக் கண்ணாடி மூடிக்குள் நிலா வெளிச்சத்தில் வைத்தால் பூவின் ஆவி எழும் என்றார்கள், அதையும் செய்து பார்த்தார். எழவில்லை. இப்படிக் கிளறிக்கொண்டே இருப்பவரை எந்த மடம் வைத்துக்கொள்ளும்? 1890-ல் விலகச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் ஏன் போனார் என்றால், அப்பா ஓவியர், மத நம்பிக்கை இல்லாதவர். பிள்ளைக்கோ பக்தி மனசு. விஞ்ஞானிகளான ஹக்ஸ்லியும் டின்டாலும் தன் சிறுவயது மதத்தைப் பறித்துவிட்டார்கள் என்று யேட்ஸுக்கு அவர்கள் மேல் தீராத கோபம். சர்ச்சுக்கும் திரும்ப முடியாமல் விஞ்ஞானத்தையும் சகிக்க முடியாமல் நின்றவர் இந்தப் பக்கம் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, ஒதுக்கும் விஷயம். 1890-லேயே கோல்டன் டான் என்ற மாந்திரீக சங்கத்தில் சேர்ந்துவிட்டார். அதன் தலைவர்களில் ஒருவரான மேதர்ஸ் ஒருநாள் ஒரு அட்டைச் சின்னத்தைக் கொடுக்க, இவர் கண்ணை மூடினார். உள்ளே ஒரு பாலைவனம், இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து இரு கைகளையும் ஊன்றி எழும் ஒரு கறுத்த ராட்சதன். உங்களுக்கு மனப்பாடமான கவிதையை அவர் எழுதியது 1919-ல். அதில் பாலைவன மணலில், சிங்க உடலும் மனிதத் தலையுமாக ஒன்று மெல்ல நகர்கிறதே, அதை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?