அந்த இன்னொருவரிடம் கேட்டீர்களா?

கேள்வி: நான் தன்பாலீர்ப்பாளன். 36 வயது வரை யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்தேன். சொன்ன பிறகு வீட்டில் இரண்டு வருடம் என்னிடம் யாரும் பேசவில்லை. அந்த நாட்களில் என்னைப் போன்ற ஒருவருடைய கதையாவது படிக்கக் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் நான்கு வருடமாக இணையத்தில் என் அனுபவங்களோடு, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் கதைகளையும் பெயர் மாற்றி வெளியிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் தன் ஏழு வருடக் காதலை எழுதி அனுப்பினார். அந்தக் காதலர் பிறகு ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். இப்போது அந்தக் காதலரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் பதிவை நீக்கி மன்னிப்பு வெளியிட வேண்டும், 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்கிறார். பெயர் போடவில்லை, எழுதியது அத்தனையும் உண்மை, அனுப்பியவரின் சம்மதமும் இருக்கிறது. 2018-லேயே உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, ஒருவரைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்வது எப்படி அவதூறாகும்? பின்வாங்கினால் என்னை நம்பியவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? நோட்டீஸை அப்படியே வெளியிட்டு எதிர்த்து நிற்கலாமா? என்னைக் கைது செய்வார்களா?

பதில்: பதினோரு பக்கக் கடிதம், கூடவே நோட்டீஸும் பதிவின் நகலும். எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் வீட்டார் நடந்துகொண்ட விதம், அலுவலகத்தில் கேட்ட பேச்சு, நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் தொலைபேசியில் காட்டிய திமிர் எதுவும் இந்த விவகாரத்தில் எடுபடாது. அவற்றை ஓரமாக வையுங்கள்.

கேள்வி ஒன்றுதான். அந்தக் கதையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சம்மதம் கொடுத்தார். இன்னொருவரிடம் கேட்டீர்களா?

கேட்கவில்லை. அனுப்பியவர் தன் வாழ்க்கையைச் சொல்ல உங்களுக்கு அனுமதி கொடுக்கலாம். காதலரின் வாழ்க்கையைச் சொல்லும் அனுமதி அவர் கையில் இல்லை, இல்லாததை அவர் உங்களுக்குக் கொடுக்கவும் முடியாது. உங்கள் வழக்கின் பலவீனம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

"ஆனால் உண்மைதானே" என்று கடிதத்தில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் ஆர். ராஜகோபால் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கு அது. அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்று பத்திரிகைக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பில், ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதமில்லாமல் வெளியிட்டால், எழுதியது உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ, அந்தரங்க உரிமையை மீறியதாகும் என்றும் சொன்னார்கள். நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் ஏற்கெனவே இருக்கும் விஷயங்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் கதையில் அப்படி எதுவும் இல்லை. ஒரு அறைக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டது எந்தப் பொது ஆவணத்திலும் இருக்காது.

அடுத்தது பெயர். ஊரை மாற்றினீர்கள், பெயருக்கு ஒரு எழுத்து வைத்தீர்கள். சரி. ஆனால் நான்காவது பத்தியில், தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வண்டியிலிருந்து விழுந்து, இடது கையில் மாவுக்கட்டோடு தாலி கட்டும்போது மணமேடைக்குப் பின்னால் நின்ற அண்ணன் என்று இருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? ஆல்பத்தில் அந்தக் கட்டு எத்தனை படத்தில் இருக்கும்? உலகத்துக்கே அடையாளம் தெரிய வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும். நோட்டீஸில் அவர் மைத்துனர் பதிவைப் படித்துவிட்டுக் கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி உங்கள் "பெயர் போடவில்லை"யைத் தின்றுவிடும்.

2018 தீர்ப்புக்கு வருவோம். அந்த செப்டம்பர் 6 என்ன நாள் என்று எனக்கும் தெரியும். கோர்ட் வராந்தாவில் மூத்த வக்கீல் ஒருவர் சத்தமில்லாமல் அழுததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆனால் அந்தத் தீர்ப்பு எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பாலீர்ப்பு ஒருவரின் அந்தரங்கத்தின் முக்கியமான பகுதி என்றது. அடுத்த வருடத் தீர்ப்புக்கு அதுவே பலம். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொல்லவே வேண்டாமா என்று முடிவு செய்வது அவரவர் உரிமை. நீங்கள் 36 வயது வரை அந்த உரிமையோடுதான் இருந்தீர்கள். உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவருக்கும் அதே உரிமை இருக்கிறது. நீங்கள் கேடயமாகத் தூக்கும் தீர்ப்பை நீதிபதி அவர் பக்கம் வைத்துத்தான் படிப்பார்.

தன்பாலீர்ப்பாளர் என்பது இழிவே இல்லை, அதனால் அவதூறே இல்லை என்ற வாதம் நல்ல வாதம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அதை இந்த மனிதரின் வாழ்க்கையை வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். தவிர, நோட்டீஸின் ஆறாவது பத்தியை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். அங்கே அவர்கள் பிடித்திருப்பது வேறு வரி: "கல்யாணச் செலவுக்கு என்னிடமே இரண்டு லட்சம் வாங்கி, அந்தப் பெண்ணையும் ஏமாற்றி..." பணம் வாங்கித் திருப்பித் தராதவர், மனைவியை ஏமாற்றியவர் என்பது யாரைப் பற்றிச் சொன்னாலும் அவதூறுக் குற்றச்சாட்டுதான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் உண்மை என்பது மட்டும் விலக்கு ஆகாது. பொதுநலனுக்காக வெளியிட்டதாகவும் நிரூபிக்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் இருந்த கடனில் பொதுநலன் எங்கே?

கைது பயம் வேண்டாம். அவதூறில் போலீஸ் தானாக வழக்குப் போட்டு, பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். யாராவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்று மிரட்டினால், அந்தப் பிரிவு 2015 மார்ச்சிலேயே ரத்தானது. நல்ல வேளை, நீங்கள் படம் எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் இந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இந்த மாதிரி விவகாரங்களில் பதிவினால் கெட்டவர்களை விட, நோட்டீஸ் வந்த பிறகு செய்த காரியத்தால் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸை வெளியிட நினைக்கிறீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அதைச் செய்தார். அனுப்பியவரின் பெயரைக் கறுப்புக் கோட்டால் அடித்தார். எதிர்த்தரப்பு வக்கீலின் முத்திரையும், மேலே கோர்ட் பெயரும் அப்படியே இருந்தன. சாயங்காலத்துக்குள் கமென்ட்டில் யாரோ ஆளைக் கண்டுபிடித்துப் பெயரையும் போட்டுவிட்டார்கள். அதுவரை "இது உங்கள் கட்சிக்காரரைப் பற்றியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்" என்று கேட்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. நோட்டீஸைப் போட்டதும் அது மூடிக்கொண்டது. இந்தக் கதையில் வருபவர் இவர்தான் என்று என் கட்சிக்காரரே உலகத்துக்குச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. முதல் பதிவைச் சமாளித்திருப்போம். இரண்டாவதற்கு என்னிடம் பதிலே இல்லை.

இன்னொருவர் தானே பதில் எழுதினார். "வழக்குப் போட்டால் யாருடைய குடும்பம் சந்தி சிரிக்கும் என்று உங்கள் கட்சிக்காரர் யோசித்துக்கொள்ளட்டும்." எழுதும்போது சாமர்த்தியமாகத் தெரிந்திருக்கும். நற்பெயருக்குக் கேடு செய்வேன் என்று பயமுறுத்தி, ஒருவர் தன் சட்ட உரிமையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் அதே சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின்படி குற்றமுறு மிரட்டல்தான். அவதூறு நோட்டீஸோடு போயிருக்க வேண்டிய விஷயம், அந்த ஒரு வரியால் இரண்டு வழக்காகி நான்கு வருடம் இழுத்தது. உங்கள் கடிதத்தின் எட்டாம் பக்கத்தில் கிட்டத்தட்ட அதே வாக்கியம் இருக்கிறது. அதை எங்கேயும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பில்கூட.

மூன்றாவது ரகம், பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்கையே அழித்தவர்கள். அதில் அவர்களுக்குச் சாதகமான உரையாடலும் போயிற்று. சாட்சியத்தை அழித்தார் என்ற பழியும் வந்தது. பதிவை நீக்குவது வேறு, ஆதாரத்தை அழிப்பது வேறு. முதலில் பதிவு, கமென்ட், அனுப்பியவரோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பதிவை எடுங்கள்.

நான் எல்லாவற்றையும் விட அதிகம் பயப்படுவது உங்கள் துருப்புச் சீட்டைப் பார்த்துத்தான். உண்மை என்று வாதாடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எப்படி நிரூபிப்பீர்கள்? கதை அனுப்பியவர் கூண்டேற வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், முகவரி சொல்லி ஆரம்பிக்க வேண்டும். அவர் போனில் உள்ள செய்திகளைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். குறுக்கு விசாரணையில் என்னென்ன கேட்பார்கள் என்று நான் இங்கே எழுத விரும்பவில்லை. பெயர் வராது என்று நீங்கள் கொடுத்த வாக்கை நம்பித்தான் அவர் எழுதினார். அப்புறம் அந்த இன்னொருவர். யாரோடு, எங்கே, எத்தனை நாள் என்று உங்கள் வக்கீல் திறந்த நீதிமன்றத்தில் ஒரு தன்பாலீர்ப்பாளரைக் கேள்வி கேட்பார், உங்கள் செலவில், உங்களுக்காக. நான்கு வருடமாக நீங்கள் எதை எதிர்த்து எழுதுகிறீர்களோ அதை நீங்களே நடத்த வேண்டியிருக்கும். ஜெயித்தால்கூட அதுதான் நடந்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் இருக்கிறார், மனைவி. அவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதனால் வழக்கு வேண்டாம். சமரசமாகப் போங்கள்.

சமரசம் என்றால் இருபது லட்சத்தைத் தூக்கிக் கொடுப்பது என்று நினைக்காதீர்கள். அந்தத் தொகை பேரத்துக்காகப் போட்டது. அந்த மனிதருக்கு வேண்டியது பதிவு மறைய வேண்டும், திரும்ப வரக்கூடாது. வழக்குப் போட்டால் அவருக்கும் இழப்புதான், அது அவர் வக்கீலுக்கும் தெரியும். ஆனால் அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. உங்கள் வக்கீல் அனுப்பும் பதில் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது: பதிவு உங்கள் கட்சிக்காரரைக் குறிக்கிறது என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவருக்கு மனவருத்தம் என்று அறிந்ததால் நீக்கியிருக்கிறோம், மறுபடி வெளியிட மாட்டோம். அவ்வளவுதான். "மறுக்கவும் இல்லை" என்பதைக் கண்டிப்பாகச் சேருங்கள். "அது அவர் இல்லை" என்று எழுதினால் நாளைக்குப் பொய்யாகும், "அவர்தான்" என்றால் இன்றைக்கே ஒப்புதலாகும்.

பகிரங்க மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். அதை மட்டும் பணிவோடு மறுத்துவிடுங்கள், அவர் நலனுக்காகவே. மன்னிப்புப் பதிவைப் பார்த்ததும் ஆயிரம் பேர் பழைய பதிவைத் தேடுவார்கள். இதை எடுத்துச் சொன்னால் விவரம் தெரிந்த எந்த வக்கீலும் ஒத்துக்கொள்வார். அவருக்குத் தனிப்பட்ட முறையில், கையெழுத்துப் போட்ட ஒரு வருத்தக் கடிதம் போதும். மனதார எழுதுங்கள், ஆனால் அதையும் வக்கீல் வழியாகவே அனுப்புங்கள். கடைசியில் இரண்டு தரப்பும் கையெழுத்திடும் ஒரு ஒப்பந்தம் வேண்டும், இனி உரிமையியல் வழக்கும் இல்லை, குற்றவியல் புகாரும் இல்லை என்று.

துரோகம் என்று கேட்டீர்களே, நீங்கள் பின்வாங்குவது அனுப்பியவரைக் கூண்டில் ஏற்றாமல் காப்பாற்றும். அவரிடம் இன்றே பேசுங்கள், போனில். அவர் பெயரை நோட்டீஸ் கேட்கிறது, கொடுக்காதீர்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்றம் கேட்டால் தகவல் தந்தவர் பெயரை மறைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. பத்திரிகையாளருக்கு பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2) தரும் பாதுகாப்பே அந்தக் கவுன்சில் விசாரணைக்கு மட்டும்தான். அதனால் அடுத்த கதையிலிருந்து உண்மைப் பெயரையும் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கதையில் வரும் எல்லோருடைய தொழில், வருடம், உறவு, உடல் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றினால் கதையே இல்லை என்றால், இன்னொருவரின் சம்மதம் வரும்வரை வெளியிடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. இன்னும் வெளியிடாத அறுபது கதைகளில் ஒன்று, பதினொன்றாம் வகுப்பு மாணவர் ட்யூஷன் ஆசிரியரைப் பற்றி எழுதியது என்கிறீர்கள். அவருக்கு இன்னும் 18 நிரம்பவில்லை என்றால் அது கதையே இல்லை, போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தகவல் கொடுத்தே தீர வேண்டிய விஷயம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். அந்த மாணவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதும் தனிக் குற்றம். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இந்த மாணவர் விஷயத்துக்கு அவகாசம் எதுவும் இல்லை. 1098 குழந்தைகள் உதவி எண்ணை இன்றைக்கே அழையுங்கள். அதன் பிறகு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.