புதிதாக வாங்கிய லெபர்ட் கெக்கோ பல்லி ஒளிந்தே கிடக்கிறது, நாலு நாளாகச் சாப்பிடவும் இல்லை. என்ன செய்வது?

நாலு நாள்தானே, பதற வேண்டாம். வளர்ந்த லெபர்ட் கெக்கோ இடம் மாறினால் ஒரு வாரம், பத்து நாள் பட்டினி கிடப்பது சாதாரணம். கொழுப்பை அது வாலில்தான் சேர்த்து வைக்கிறது. மேலிருந்து பாருங்கள்: வால் கிட்டத்தட்ட கழுத்தளவு பருமனாக இருந்தால் அவகாசம் நிறைய இருக்கிறது. குட்டிக்கு அந்தச் சேமிப்பு குறைவு. அது நாலைந்து நாளைக்கு மேல் தின்னாவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

புதுப் பல்லி கூச்சப்படுகிறது என்று பலரும் சும்மா விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் அது கூச்சம் இல்லை, சூடு போதவில்லை. இதற்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வயிறு குளிர்ந்திருந்தால் பசி எடுக்காது. தின்றாலும் செரிக்காமல் கக்கிவிடும். அதனால் முதலில் தொட்டியின் சூட்டை அளந்து பாருங்கள். ஒரு ஓரத்தில், மறைவிடத்துக்குள் தரையின் சூடு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ். எதிர் ஓரம் 22 முதல் 25. இரவில் 18, 20 வரை இறங்கினாலும் கெடுதல் இல்லை. கடையில் தொட்டியோடு தரும் வட்டமான ஒட்டு தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். அது கண்ணாடிச் சுவரின் சூட்டைக் காட்டுகிறது, பல்லி வயிற்றை வைத்துப் படுக்கும் தரையை அல்ல. வயரோடு வரும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்கி, அதன் முனையைச் சூடான மறைவிடத்தின் தரையிலேயே டேப் போட்டு ஒட்டுங்கள்.

ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும், மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) பயன்படுத்தினால் அது தரையில் மூன்றில் ஒரு பங்கை மூடினால் போதும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட விடாதீர்கள். கட்டுப்பாடில்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டி வயிற்றுத் தோலைப் பொசுக்கிவிடும். மேட்டின் மேல் கனமாக மண் போட்டால் சூடு மேலே வராது, அடியிலேயே தேங்கும். மண் போட்டு வளர்க்க விரும்புகிறவர்கள் மேலிருந்து காயும் ஹாலஜன் விளக்குக்கு மாறிவிடுவது நல்லது. ‘ஹீட் ராக்’ என்று மின்சாரத்தில் சூடாகும் கல் விற்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். இரவில் சிவப்பு பல்பும் தேவையில்லை. அந்த வெளிச்சம் அதற்குத் தெரியும்.

சூடு சரியாக இருந்தால் அடுத்தது மறைவிடம். ஒன்று போதாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரமானது ஒன்று. குளிர்ந்த பக்கம் ஒளிய இடம் இல்லாவிட்டால், சூடு அதிகமானாலும் பயத்தில் சூடான இடத்திலேயே அடைந்து கிடக்கும். உள்ளே நுழைந்தால் முதுகு கூரையில் உரசுகிற அளவு தாழ்வாக இருப்பதுதான் அதற்குப் பிடிக்கும். ஈரமான மறைவிடத்துக்கு ஐஸ்கிரீம் டப்பா போதும்: பக்கவாட்டில் ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்து வைக்கும் பாசி) உள்ளே பரப்புங்கள். தோல் உரிக்கும்போது இங்கேதான் வந்து படுக்கும்.

தோல் உரித்த மறுநாள் விரல்களைக் கிட்டத்தில் பாருங்கள். நுனியில் வெள்ளை நூல் சுற்றியது போலத் தெரிந்தால் அது உரியாத தோல். காயக் காய இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கடைசியில் விரலே உதிர்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரைக் கணுக்கால் அளவு ஊற்றிப் பத்து நிமிடம் நிற்க வைத்து, நனைத்த பட்ஸால் மெல்ல உருட்டி எடுங்கள். உலர்ந்த தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது.

முதல் ஒரு மாதத்துக்குத் தரையில் கிச்சன் டிஷ்யூ மட்டும் விரியுங்கள். அழகாக இருக்காதுதான். ஆனால் மலம் எப்படி இருக்கிறது என்று அதில்தான் தெரியும்: கரும்பழுப்புத் துண்டும் கூடவே ஒரு வெள்ளைக் கட்டியும் இருந்தால் நல்லது. தளர்ந்து நாற்றமடித்தால் ஒட்டுண்ணியாக இருக்கலாம். மாதிரி எடுத்துப் பரிசோதிக்கக் கொடுங்கள். ‘கால்சியம் மணல்’ பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், குடலில் அடைத்துக்கொள்ளும்.

சாப்பாட்டை விளக்கு அணைந்த பிறகு மாலையில் கொடுங்கள். அது அந்தி நேரப் பிராணி. பூச்சி மட்டும்தான், காய்கறி வேண்டாம். கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், மீல்வார்ம் புழு எதுவானாலும் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பருமனாக இருக்கக் கூடாது. கொடுப்பதற்கு முந்தைய நாளே பூச்சிக்குக் கேரட், கீரை போட்டு வயிற்றை நிரப்புங்கள். கொடுக்கும் நேரத்தில் கால்சியம் பொடியில் புரட்டுங்கள். யூவிபி (புற ஊதா) விளக்கு இல்லாத தொட்டியானால் வைட்டமின் டி3 கலந்த பொடி கட்டாயம். இரை குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை. தின்னாமல் விட்ட கிரிக்கெட்டை இரவு முழுக்க உள்ளே விடாதீர்கள், தூங்கும் பல்லியைக் கடிக்கும். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், மருந்து அடித்த செடியிலிருந்து வந்திருக்கலாம். மின்மினி விஷம்.

இதற்கிடையில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், தொடாதீர்கள். தண்ணீரை மாற்றுங்கள், மலத்தை அள்ளுங்கள், அவ்வளவுதான். தூக்கிப் பார்த்து, மறைவிடத்தைத் திறந்து பார்த்து ‘பழக்க’ முயன்றால் சாப்பிடும் நாள் இன்னும் தள்ளிப்போகும். ஒழுங்காகத் தின்ன ஆரம்பித்த பிறகு மாலையில் உள்ளங்கையைத் தரையில் விரித்து வையுங்கள். அதுவே ஏறி வரட்டும். மேலிருந்து கை வந்தால் பருந்து வந்த மாதிரிதான் அதற்கு. வாலை உயர்த்தி மெதுவாக அசைத்தால் எரிச்சலில் இருக்கிறது, கையை எடுத்துவிடுங்கள். வால் நுனி மட்டும் படபடவென்று துடித்தால் அது இரையைப் பார்த்த குஷி. வாலைப் பிடித்துத் தூக்கினால் கழற்றிப் போட்டுவிடும். மறுபடி முளைக்கும், ஆனால் பழைய வடிவம் வராது. தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அதன் மேல் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம்.

துணைக்கு இன்னொன்று வாங்கிப் போடலாமா என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். தனியாக வாழும் பிராணி; இரண்டைச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றைச் சூடான இடத்திலிருந்து விரட்டும், கடிக்கும்.

ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். கையில் பழகும் வரை டப்பாவுக்குள் தானாக நுழையும் நேரம் பார்த்து டப்பாவோடு நிறுத்து, டப்பா எடையைக் கழித்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை எழுதி வையுங்கள். எடையில் பத்து சதவீதம் குறைந்தாலோ, தின்றும் வால் குச்சி போல மெலிந்தாலோ, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, அதற்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது தொட்டியின் இரு ஓரச் சூட்டளவையும் எழுதிக் கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.