ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி: முதல் சார்ஜில் அவசரம் வேண்டாம்

கேள்வி: காலையில் 48 வோல்ட் டிரை பேட்டரி (ஆசிட் ஊற்றாமல் வரும் பேட்டரி) வந்தது. ஆசிட் ஊற்றிவிட்டோம். மீட்டர் 50 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறது. இரவு ஷிஃப்ட்டுக்கு வண்டியில் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வோல்ட் காட்டுகிறது என்பதற்காக சார்ஜ் நிறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஆசிட் இப்போதுதான் பிளேட்டுகளுக்குள் ஊறத் தொடங்கியிருக்கிறது, செல்களும் (பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறைகள்) சூடாக இருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த தாளில் சொன்ன நேரம் முழுவதும் ஊறவிடுங்கள். ஊறும்போது மட்டம் இறங்கும். அப்போது தண்ணீர் ஊற்றாமல், முதலில் ஊற்றிய அதே கிராவிட்டி (அடர்த்தி) உள்ள ஆசிட்டையே ஊற்ற வேண்டும்.

அப்புறம் முதல் சார்ஜ். பாசிட்டிவ், நெகட்டிவ் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இருவர் பாருங்கள். தாளில் உள்ள குறைந்த கரண்ட்டில் நிதானமாக ஏற்றுங்கள். 24 செல்லுக்கும் வோல்ட், கிராவிட்டி, சூடு மூன்றையும் மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். ஆசிட் சூடு 45 டிகிரியை நெருங்கினால் கரண்ட்டைக் குறையுங்கள். சூடு குறையவில்லை என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். வோல்ட்டும் கிராவிட்டியும் தொடர்ந்து மூன்று மணி நேரம் மாறாமல் நின்றால்தான் முடிந்தது என்று கணக்கு. ஒரு கிடங்கில் ஷிஃப்ட் அவசரத்துக்காக இதைப் பாதியில் நிறுத்தினார்கள். ஒரு வருடம் போவதற்குள் அந்த பேட்டரி அரை ஷிஃப்ட்டுக்கு மேல் தாங்கவில்லை. அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எந்த செல் சுணங்குகிறது என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

கேள்வி: முழு சார்ஜுக்குப் பிறகும் ஹைட்ரோமீட்டர் (ஆசிட் கிராவிட்டியை அளக்கும் கருவி) 1.270தான் காட்டுகிறது. பேட்டரி பழுதா?

பதில்: ஆசிட்டின் சூட்டைப் பார்த்தீர்களா? 27 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும். ஆசிட் 42 டிகிரியில் இருந்தால் உங்கள் 1.270 உண்மையில் 1.280. நல்ல பேட்டரிதான்.

கேள்வி: மூடிய ஸ்டோர் ரூமில் சார்ஜ் போடுகிறோம். ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். ஒரு செல் 2.4 வோல்ட்டைத் தொடும்போது ஹைட்ரஜன் நன்றாகக் கிளம்பத் தொடங்கும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். லேசான வாயு என்பதால் கூரையடியில் தேங்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் உயரத்தில் இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது வண்டியின் பேட்டரி மூடி திறந்திருக்கட்டும், செல் மூடிகள் மூடியே இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் சார்ஜரை அணையுங்கள். அந்தப் பொறியைத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கேள்வி: தண்ணீர் எப்போது ஊற்றுவது?

பதில்: சார்ஜ் முடிந்த பிறகு, டிஸ்டில்டு வாட்டர் மட்டும். முன்பே நிரப்பினால் சார்ஜில் பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே கொஞ்சம் ஊற்றலாம்.

கேள்வி: இன்னொரு ஃபோர்க்லிஃப்ட்டில் சங்கிலி கட்டி பேட்டரியைத் தூக்கலாமா? எடை குறைந்த பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது, அதையே போட்டுவிடலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. பெரிய பேட்டரி ஒரு டன்னை நெருங்கும். சங்கிலி சாய்வாக இழுத்தால் பெட்டியின் சுவர் உள்ளே நெளிந்து செல் உடையும். நேராகத் தூக்கும் பீம் வேண்டும். மேலே ரப்பர் விரிப்பு போடுங்கள், மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றுங்கள், உறை போட்ட ஸ்பேனரையே எடுங்கள். எடை விஷயம் இதைவிட முக்கியம். முன்னால் சுமை ஏறும்போது வண்டி குப்புறச் சாயாமல் பிடித்து வைப்பதில் பேட்டரியின் எடைக்கும் பங்கு உண்டு. வண்டியின் தகட்டில் குறைந்தபட்ச பேட்டரி எடை எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: கண்ணில் ஆசிட் தெறித்தால் சோடா உப்பு போடலாமா?

பதில்: கண்ணில் கூடவே கூடாது! சோடா உப்பு தரையில் சிந்திய ஆசிட்டுக்கு. கண்ணுக்குச் சுத்தமான தண்ணீர் மட்டும்தான்: இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடமாவது ஓடவிட்டு, உடனே மருத்துவமனை. கண் கழுவும் குழாயை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்தால் துருத்தண்ணீர் வரும் குழாய்களை நான் பார்த்திருக்கிறேன்.