இனிப்பும் கொசுவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் சில கல்லூரி மாணவிகள் எங்கள் தெருவில் கணக்கெடுக்க வந்தார்கள். வாரத்தில் எத்தனை நாள் மீன், எத்தனை நாள் இனிப்பு, சமையலில் பூண்டு உண்டா என்றெல்லாம் கேட்டு, வீட்டில் யாருக்காவது டெங்கு வந்ததா என்றும் எழுதிக்கொண்டார்கள். என் மகன் சென்ற ஐப்பசியில் டெங்கு வந்து தேறியவன். "கேட்டபோதெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தாய், ரத்தம் இனித்தால் கொசு மொய்க்கத்தானே செய்யும்" என்று என் மாமியார் இன்றும் சொல்லிக்காட்டுகிறார். உணவுக்கும் கொசுக்காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டா? அந்த மாணவிகள் மறுபடி வந்தால் பதில் சொல்வதில் பயன் உண்டா?

க.,
மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள க.,

உங்கள் மகனுக்கு டெங்கு வந்ததற்கு நீங்கள் கொடுத்த இனிப்பு காரணமல்ல. இதை உங்கள் மாமியாரிடம் தயங்காமல் சொல்லலாம். கொசு நம் ரத்தத்தின் இனிப்பை அறிந்து வருவதில்லை. மூச்சில் வெளிவரும் கரியமில வாயு, உடற்சூடு, தோலில் உள்ள அமிலங்களின் வாடை ஆகியவற்றைப் பற்றிக்கொண்டே வருகிறது. பூண்டு தின்றவர்களைக் கொசு விட்டுவைக்கிறதா என்று சோதித்துப் பார்த்ததில் அப்படி எதுவும் தென்படவில்லை. பீர் குடித்தவர்களிடம் மலேரியா கொசுக்கள் கூடுதலாக ஈர்க்கப்பட்டதாக ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. கடியைப் பொறுத்தவரை உணவின் பங்கு இந்த அளவில்தான் நிற்கிறது.

ஆனால் கடித்த பிறகு நடப்பது வேறு. டெங்கு கிருமி கலந்த ரத்தத்தைக் கொசுக்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இரும்புச்சத்து குறைந்த ரத்தத்தைக் குடித்த கொசுக்களுக்கே கிருமி எளிதாகத் தொற்றியது தெரியவந்தது. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து யோசிக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதற்காக இரும்புச்சத்து மாத்திரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துவிடவும் முடியாது. மலேரியா மிகுந்த, தான்சானியாவைச் சேர்ந்த பெம்பா தீவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியதாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

உணவின் வழியாகவே ஒரு கொசு நோயை மடக்கிய வரலாறும் உண்டு. அது நமக்கு மிக அருகில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் நடந்தது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தைச் சமையல் உப்பில் சிறிதளவு கலந்து, 1980களில் அங்கே மக்களுக்கு வழங்கினார்கள். அடுப்பில் கொதித்தாலும் அம்மருந்து வீணாவதில்லை. மாத்திரை போட மறக்கிறவரும் மறுக்கிறவரும் குழம்பில் உப்பில்லாமல் சாப்பிடுவதில்லை என்பதுதான் அத்திட்டத்தின் பலம். ரத்தத்தில் உலவும் அந்நோயின் நுண்புழுக்கள் மடிந்தபின், கொசு எத்தனை பேரைக் கடித்தாலும் அடுத்தவருக்குக் கொண்டுபோக அதனிடம் ஒன்றும் இல்லை. சீனா இதே முறையைப் பெரிய அளவில் கையாண்டு, யானைக்கால் நோயை ஒழித்த நாடாக 2007இல் அங்கீகாரம் பெற்றது.

இனி மாணவிகளின் கேள்வித்தாளுக்கு வருகிறேன். தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதி ஒன்றில் மீன் அதிகம் சாப்பிடும் வீடுகளில் டெங்கு அதிகம் என்று கணக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அவ்வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராமல், டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால், குற்றம் தொட்டியுடையது. பழி மட்டும் மீன்மேல் விழுந்துவிடும். காய்ச்சல் வந்த வீட்டார் கடந்த மாதம் என்ன சாப்பிட்டோம் என்பதைத் துருவித் துருவி நினைத்துப் பார்ப்பார்கள், வராத வீட்டார் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவார்கள் என்ற சிக்கலும் இருக்கிறது. தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் தட்டை மட்டும் விசாரிக்கும் ஆய்வு, வீட்டில் சமைக்கிற பெண்ணைக் குற்றவாளியாக்குவதிலேயே போய் முடியும். உங்கள் வீட்டில் அதுதானே நடந்திருக்கிறது?

பப்பாளி இலைச்சாறு பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனினும் சொல்லிவிடுகிறேன். அது ரத்தத்தின் தட்டணுக்களை (பிளேட்லெட்) சற்று உயர்த்துவதாகச் சில ஆய்வுகள் உண்டு. உயிரைக் காப்பதாக நிறுவப்படவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களே ஆபத்தானவை. அப்போது கஞ்சி, இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தக்கசிவு, அசதி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாணவிகள் மறுபடி வந்தால் அவசியம் பதில் சொல்லுங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எதில் பிடித்து வைக்கிறீர்கள் என்பதையும் அவர்கள் கேட்காவிட்டாலும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டையும், தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மிளகுப்பொடி தூவியதுபோல் கருப்பாக ஒட்டியிருக்கும் முட்டைகளையும் அவர்களிடம் காட்டுங்கள். அந்த முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும் என்பதால், தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.