கத்திரி வெயிலும் சிறுத்தைப் பல்லியும்: வாசகர் கேள்வி–பதில்

லெப்பர்ட் கெக்கோ எனும் சிறுத்தைப் பல்லி வளர்ப்பு பற்றி வட சென்னை வாசகர்கள் கேட்டவை மட்டும் இந்த முறை. குளிர் நாட்டு வீடுகளுக்காக எழுதிய கையேட்டை நம் ஊர்க் கடற்காற்றிலும் சீட்டு வீட்டுச் சூட்டிலும் வரிக்கு வரி பின்பற்றுவதால் வந்த வினைதான் இவற்றில் பல.

கேள்வி: மே மாதம் எங்கள் வீட்டுக்குள்ளேயே 36 டிகிரி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் மின்விரிப்பு) எப்போதும் ஓட வேண்டும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். மதியத்தில் பல்லி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இந்தப் பல்லிக்கு வேண்டியது வெறும் சூடு இல்லை, சூடும் குளிர்ச்சியும் பக்கத்துப் பக்கத்தில். தொட்டியின் ஒரு முனையில் தரை 32 முதல் 34 டிகிரி, மறு முனையில் 25 முதல் 27. வயிற்றில் இரை இருந்தால் சூட்டுக்குப் போகும், போதும் என்றால் திரும்பி வரும். வியர்வை கிடையாது. இடம் மாறுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வைத்தியம். இரண்டு முனையும் 36 என்றால் எங்கே போகும்? வாயைத் திறப்பது, கண்ணாடியோடு வயிற்றை ஒட்டிக்கொள்வது, தொட்டாலும் நகராமல் கிடப்பது எல்லாம் சூடு தாங்காததன் அடையாளம். 38ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

தொட்டியைப் பரண், அலமாரி மேலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். சீட்டு வீட்டில் தரைக்கும் தலைமட்டத்துக்கும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் இருக்கும். மேற்குச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். குளிர்ந்த முனையில் ஒரு சாண் அளவு கடப்பா கல் போடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, துண்டில் சுற்றி, அந்த முனைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டினாற்போல நிறுத்துங்கள். உருகினதும் மாற்ற இன்னொரு பாட்டிலையும் உறைய வைத்திருங்கள். உள்ளே வைக்காதீர்கள். பாட்டிலில் வேர்க்கும் தண்ணீர் தரையை நனைத்து, இரண்டே நாளில் பூஞ்சை வாடை வரும்.

ஃபேன் காற்று பல்லியைக் குளிர வைக்காது, தொட்டிக்குள் தேங்கின சூட்டைத்தான் வெளியே தள்ளும். அதனால் மேலே கம்பி வலை மூடி இருந்தால்தான் ஃபேனால் பிரயோசனம். ஈரச் சாக்கு போர்த்தும் யோசனை மதுரைப் பக்கம் எடுபடலாம். சாயங்காலக் கடற்காற்றில் மண்பானைத் தண்ணீரே சில்லென்று ஆகாத ஊரில் சாக்கு குளிர்ச்சி தராது, ஈரத்தைத்தான் ஏற்றும்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட தெர்மாமீட்டரைக் கழற்றிவிடுங்கள். அது காட்டுவது கண்ணாடியின் சூடு. ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி, இரண்டு முனையிலும் தரையோடு வையுங்கள். மார்கழி இரவுகளில் ஹீட் மேட் மறுபடி வேண்டியிருக்கும்.

கேள்வி: ஹீட் மேட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 32ல்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் பல்லியின் வயிற்றில் சிவப்புத் திட்டு. தீக்காயமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பெரும்பாலும் அதுதான் அம்மா. சென்சார் நுனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொட்டிக்குள் காகிதத்தின் மேல் போட்டிருந்தால் பல்லி அதை இழுத்துத் தள்ளியிருக்கும். நகர்ந்த சென்சார் அறையின் சூட்டை அளந்து, ‘இன்னும் 32 வரவில்லை’ என்று ஹீட் மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். அடிப்பக்கம் 45க்கு மேல் போகலாம். வயிற்றில் சூடு உறைத்தாலும் இந்தப் பல்லி சட்டென்று விலகிப் போகாது, அதுதான் கொடுமை.

மேட் தொட்டியின் வெளியே, அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் இருக்கட்டும். சென்சார் நுனியை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து, அலுமினிய டேப்பால் அசையாமல் ஒட்டுங்கள். நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் கொடுத்துத் தொட்டியை அரை அங்குலமாவது தூக்குங்கள், இல்லையென்றால் சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி விரிசல் விடும். பிறகு உள்ளே தரையில் தனி மீட்டர் வைத்து, அது 32 காட்டும்வரை தெர்மோஸ்டாட்டை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். தெர்மோஸ்டாட்டில் 35, 36 என்று வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், நமக்குக் கணக்கு உள்ளே இருக்கும் மீட்டர்தான்.

காயத்துக்கு மஞ்சள், பற்பசை எதுவும் போடாதீர்கள். காகித டிஷ்யூ விரித்த டப்பாவில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: அங்கிள், காசிமேடு பீச் மணல் போட்டால் பாலைவனம் மாதிரி இருக்குமா?
– பள்ளி மாணவர், ராயபுரம்

பதில்: வேண்டாம் தம்பி. அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். புழுவைக் கவ்வும்போது மணலும் உள்ளே போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். ‘கால்சியம் சாண்ட்’ என்று கடையில் விற்பதும் இதே கதைதான். இது வாழும் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கம் தரை பெரும்பாலும் பாறையும் கெட்டி மண்ணுமாக இருக்கும், நாம் படத்தில் பார்க்கிற மணல்மேடு இல்லை. டைல்ஸ் கடையில் சொரசொரப்பான தரை டைல் ஒன்று வாங்கி, தொட்டி அளவுக்கு வெட்டித் தரச் சொல். அதுவரை பழைய செய்தித்தாள் போதும்.

கேள்வி: மகன் வளர்க்கிறான். மாமியார், “பல்லி மேலே விழுந்தால் பலன் பார்க்கணும், வீட்டில் வேண்டாம்” என்கிறார். இது சத்தம் போடுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மேலே விழ வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற வேண்டுமே! சுவர்ப் பல்லியின் விரலடியில் இருக்கும் ஒட்டும் மடிப்புகள் இதற்குக் கிடையாது. நகம் மட்டும்தான். கண்ணாடியிலோ சுவரிலோ ஏறாது. குட்டி பயந்தால் ‘கீச்’ என்று கத்தும், மற்றபடி ‘சொல்லாது’. அத்தையை ஒரு ராத்திரி தொட்டி முன்னால் உட்கார வையுங்கள். நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண் இமை இதற்கு உண்டு. அவரைப் பார்த்து இரண்டு முறை கண் சிமிட்டினால் பேச்சு தானாக மாறிவிடும்.

கேள்வி: எட்டு மாதப் பல்லி. மீல்வார்ம் (தவிட்டில் வளரும் தீனிப்புழு) மட்டும்தான் தின்னும். ஒரு வாரமாக நடக்கும்போது கால் நடுங்குகிறது, தாடை வளைந்த மாதிரி தெரிகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு தடவிக் கொடுக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: சுண்ணாம்பு கூடவே கூடாது. அது காரம், வாயும் குடலும் வெந்துவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எலும்பு மெலியும் நோயைக் காட்டுகின்றன. பூச்சிகளில், முக்கியமாக மீல்வார்மில், பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவும். தாடை ரப்பர் மாதிரி ஆவது, கால் வளைவது, விரல் துடிப்பது என்று வரிசையாக வரும். நடுக்கம் வந்த பிறகு பவுடர் மட்டும் போதாது. டாக்டர் கால்சியம் மருந்தை எடைக்குக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். நாளைக்கே கிளம்புங்கள். மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள வைட்டமின் டி3 இத்தனை சிறிய உடம்புக்கு அதிகமாகிவிடும்.

இனிமேல் வராமல் இருக்க: புழுவைக் கொடுக்கும் முன் 24 மணி நேரம் புழுவுக்கே சாப்பாடு போடுங்கள். முருங்கைக்கீரை, கேரட் போதும். பட்டினிப் புழு வெறும் தோல். பிறகு ஐந்தாறு புழுவைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் பவுடர் சேர்த்துக் குலுக்குங்கள். மெல்லிசாக விபூதி பூசின மாதிரி இருக்க வேண்டும், மாவில் புரட்டின பஜ்ஜி மாதிரி இருந்தால் பல்லி தொடாது. ஒவ்வொரு தீனிக்கும் டி3 இல்லாத கால்சியம், வாரம் இரண்டு முறை அதற்குப் பதில் டி3 கலந்தது, வாரம் ஒருமுறை மல்டிவைட்டமின். தொட்டிக்கு யுவிபி விளக்கு (உடம்பே டி3 தயாரிக்க உதவும் புற ஊதாக் கதிர் விளக்கு) போட்டிருந்தால் டி3யைக் குறையுங்கள். பவுடர் கிடைக்காத நேரத்தில் கணவாய் ஓடு உதவும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றி, காய வைத்து, மைய அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அதில் டி3 கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

இரையின் பருமன் பல்லியின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. மீல்வார்மோடு சிள்வண்டு, தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான் என்று மாற்றிக் கொடுங்கள். சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள். அது யார் வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ!

கேள்வி: கொளத்தூரில் புழு வாங்கி வந்து வீட்டில் பெருக்கப் பார்க்கிறேன். ஒன்று பூஞ்சை பிடிக்கிறது, இல்லை எறும்பு வந்துவிடுகிறது.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஈரம்தான். கோதுமைத் தவிட்டை அடி கனமான வாணலியில் பத்து நிமிடம் சிறு தீயில் வறுத்து, முழுக்க ஆறிய பிறகு அகலமான டப்பாவில் இரண்டு அங்குலம் பரப்புங்கள். வறுத்தால் தவிட்டில் இருக்கும் பேன், முட்டை எல்லாம் சாகும். மூடியின் நடுவை வெட்டிக் கொசுவலை ஒட்டுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், கேரட் வில்லை இரண்டு போதும். நம் ஊர் ஈரத்தில் இரண்டாம் நாளே அதை எடுத்துவிட வேண்டும். தவிடு கட்டி தட்டினாலோ மூக்கைத் துளைக்கும் வாடை வந்தாலோ மொத்தத்தையும் மாற்றுங்கள்.

கூட்டுப்புழுவைத் தனி டப்பாவுக்கு மாற்றாவிட்டால் புழுக்களே அதைக் கடித்துத் தின்னும். வண்டான பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டுகளைப் புதுத் தவிட்டுக்கு மாற்றுங்கள். பழைய தவிட்டில் முட்டை இருக்கும், கொட்டிவிடாதீர்கள்.

எறும்புக்குச் சர்க்கரை டப்பா வைத்தியமே போதும்: மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள். எறும்பும் நீந்தாது, கொசுவும் முட்டையிடாது. எறும்பு சாக்பீஸ் கோடு போட்டால் எறும்போடு புழுவும் போகும், அந்தப் புழுவைத் தின்ற பல்லியும் படுக்கும்.

கேள்வி: ஊரே ஈரமாக இருக்கும்போது என் பல்லிக்கு மட்டும் விரலில் தோல் உரியாமல் ஒட்டிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையா? அப்படியென்றால் உங்கள் தொட்டி வில்லிவாக்கத்தில் இல்லை, பாலைவனத்தில் இருக்கிறது. எண்ணெய் தடவுவது எறும்புக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைப்பது.

உடம்பு வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆனால் ஓரிரு நாளில் உரிக்கும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும். அப்போது விரல்களை டார்ச் அடித்துப் பாருங்கள். மிச்சத் தோல் நூல் மோதிரம் மாதிரி விரலை இறுக்கும். ரத்தம் போகாமல் நுனி வீங்கி, கறுத்து, உதிர்ந்துவிடும். 30 முதல் 32 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் உயரம் உள்ள டப்பாவில் பதினைந்து நிமிடம் நிற்க விடுங்கள். பிறகு ஈரமான பஞ்சுக் குச்சியைப் பாதத்திலிருந்து விரல் நுனிப் பக்கமாக உருட்டுங்கள். வராவிட்டால் மறுநாள். காய்ந்த தோலைப் பிடித்து இழுத்தால் நகமும் சேர்ந்து வரும்.

இனிமேல் ஒட்டாமல் இருக்க ஈரமான மறைவிடம் ஒன்று செய்யுங்கள். மூடியுள்ள சாப்பாட்டு டப்பா ஒன்றில் இரண்டு அங்குல வட்டத்துளை போட்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, நர்சரியில் விற்கும் தென்னை நார்க்கழிவை நனைத்து உள்ளே போடுங்கள். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, அந்தப் பதம். சூட்டு முனையிலும் குளிர்ந்த முனையிலும் வைக்கும் மற்ற இரண்டு மறைவிடங்களுக்குக் கொட்டாங்குச்சியோ உடைந்த மண்சட்டியோ போதும்.

கேள்வி: தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கும்போது என்ன செய்ய?
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: ஜன்னலைச் சாத்தி, தொட்டி மேல் காய்ந்த போர்வை போட்டு மூடுங்கள். புகை கலைந்த பிறகு, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, தண்ணீரை மாற்றுங்கள். போகி விடியலிலும் இதே ஏற்பாடு. அந்த அறையில் கொசுவர்த்தியும் பிளக்கில் செருகும் கொசு மருந்தும் வேண்டாம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இன்னொரு பல்லி வாங்கி, துணைக்கு அதே தொட்டியில் விட்டேன். மூன்று வாரத்தில் புதுசின் வால் குச்சியாகிவிட்டது. பழசும் இரை எடுக்கவில்லை.
– வாசகர், மாதவரம்

பதில்: இதற்குத் துணை தேவையில்லை. இரண்டு ஆண் என்றால் கடித்துக் குதறும், பெண்களிலும் பலமானது மற்றதைச் சூட்டுப் பக்கம் வர விடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் கவலை தருவது வால்தான். கொழுப்பைச் சேர்க்கும் கிடங்கு அது. தின்றும் மெலிந்தால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அதில் மோசமானது கிரிப்டோஸ்போரிடியம். பிளீச்சிங் பவுடருக்கு அது அசையாது. கொதிக்கும் தண்ணீருக்கும் நீராவிக்கும் சாகும்.

இன்றே பிரியுங்கள். இரண்டுக்கும் தனித்தனி இடுக்கி, தனித்தனி தண்ணீர்க் கிண்ணம். பழசுக்கு முதலில் தீனி, புதுசுக்குக் கடைசியில், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவல். பல்லியின் கழிவில் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமியும் இருக்கலாம் என்பதால் வீட்டில் குழந்தை இருந்தால் இது இரட்டிப்புக் கட்டாயம். மரத்துண்டு, நார்க்கழிவைத் தூக்கிப் போடுங்கள். அன்றன்று இட்ட எச்சத்தைச் சின்ன டப்பாவில் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தால் நம்ப வேண்டாம், சில நாள் இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒரு நாள், தீனிக்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். 60 கிராம் பல்லி 54க்கு இறங்கினால் காத்திருக்கக் கூடாது.

அடுத்த முறை புதுசு எதுவானாலும் 90 நாள் வேறு அறையில். அதற்கும் முன்னால், விற்கிறவர் வாய்ப்பேச்சை நம்பாமல், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வைத்துக்கொள்ளலாமா, அதற்கு என்ன காகிதம் வேண்டும் என்று வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். காட்டில் பிடித்தது என்று தெரிந்தால் விலையே கேட்க வேண்டாம்.