பெரியபிள்ளையாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் மூத்த மகளுக்கு 12 வயது. ஒரு தோள் உயர்ந்து நிற்கிறது என்று நடன ரீச்சர் சொன்ன பிறகு எக்ஸ்ரே எடுத்தோம். முள்ளந்தண்டு 22 பாகை வளைந்திருக்கிறது என்றார்கள். அது நாலு மாதத்துக்கு முன். இன்னும் பெரியபிள்ளையாகவில்லை; பெரியபிள்ளையானால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமி சொல்கிறார். புத்தகப்பையின் பாரமா, கல்சியம் குறைவா, போனைக் குனிந்து பார்ப்பதா காரணம்? ரியூசன் முடிந்து வந்தால் முதுகு உளைகிறது என்கிறாள். இணையத்தில் வாங்கிய தோள்பட்டி ஒன்றைப் போட்டுவிடுகிறேன். ஒப்பரேஷன் செய்தால் நடக்க முடியாமல் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பிள்ளைக்கு இன்னும் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை. நாளைக்குக் கலியாணம், பிள்ளைப்பேறு என்று யோசித்தால் நித்திரை வருவதில்லை. 9 வயதில் ஒரு தங்கையும் இருக்கிறாள்.
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உங்கள் நித்திரையைக் கெடுக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 22 பாகை வளைவு உள்ள பெண் கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கலாம். இந்த அளவு வளைவால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஒன்றும் ஆவதில்லை. மூச்சுக்குச் சிரமம் வருவதெல்லாம் நெஞ்சுப் பகுதி வளைவு 70, 80 பாகையைத் தாண்டும்போதுதான். சத்திரசிகிச்சை பற்றிய பேச்சே 45, 50 பாகைக்கு மேல்தான் எழும். ஒருவேளை அது தேவைப்பட்டாலும், ஒப்பரேஷன் நடக்கும் நேரம் முழுக்க நரம்பின் சமிக்ஞைகளைக் கருவியால் கவனித்துக்கொண்டே செய்கிறார்கள். நரம்புக்குப் பாதிப்பு வருவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. நீங்கள் பார்த்த வீடியோ இதைச் சொல்லியிருக்காது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலைப்படாத ஒரு வரி இருக்கிறது. எனக்குக் கவலை தந்தது அதுதான். பெரியபிள்ளையானால் சரியாகிவிடும் என்று மாமி சொன்னதை நம்பி நாலு மாதம் போய்விட்டது.

நடப்பது நேர்மாறு. பெண்பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது பெரியபிள்ளையாவதற்கு முந்திய ஆறு மாதம், ஒரு வருடத்தில்தான். அதன் பிறகு வளர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்து, ஏறக்குறைய இரண்டு வருடத்தில் நின்றுவிடும். முள்ளந்தண்டின் வளைவு கூடுவதும் இந்த வளர்ச்சியோடுதான். உங்கள் மகள் இப்போது நிற்பது அந்த வேகமான கட்டத்தின் வாசலில், அல்லது நடுவில். அமெரிக்காவில் 1984இல் வெளியான, இன்றும் நாங்கள் எடுத்துப் பார்க்கும் ஓர் ஆய்வில், 20 முதல் 29 பாகை வரை வளைவு இருந்து எலும்பு இன்னும் முதிராத பிள்ளைகளில் 68 வீதத்தினருக்கு வளைவு கூடியது. அதே 20 முதல் 29 பாகை, ஆனால் எலும்பு முதிரத் தொடங்கிய பிள்ளைகளில் 23 வீதம்தான். ஆகவே 22 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படவும் முடியாது, ஆறுதலடையவும் முடியாது. இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதை அதே எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் விளிம்பைப் பார்த்தே மதிப்பிடலாம். ரிஸ்ஸர் என்ற பெயரில் 0 முதல் 5 வரை எண் போடுவார்கள்; எண் குறைவென்றால் வளர்ச்சி இன்னும் நிறைய மிச்சம், 5 என்றால் முடிந்துவிட்டது. உங்கள் மகளுக்கு அது எத்தனை என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்று இரவே வீட்டில் ஒன்று பாருங்கள். முதுகு தெரியும்படி பிள்ளையை நிறுத்துங்கள். பாதங்கள் சேர்ந்திருக்கட்டும், முழங்கால் மடங்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தொங்கவிட்டபடி, முதுகு தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் இருந்து, உங்கள் கண் அவளுடைய முதுகின் மட்டத்துக்கு வரும்படி குந்தி இருந்து பாருங்கள். விலாப்பக்கம் ஒன்று மற்றதைவிட மேடாகத் தெரிகிறதா? இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் தடித்து நிற்கிறதா?

அந்த மேட்டைத்தான் தேட வேண்டும். தோள் உயர்ந்து தெரிவது, இடுப்பு ஒரு பக்கம் குழிவது எல்லாம் நிற்கும் விதத்தாலும் வரலாம். கால் ஒன்று சற்றுக் குட்டையாக இருந்தாலும் வரலாம். அப்படி வந்தால் கதிரையில் இருத்தியதும் நேராகிவிடும். ஆனால் குனியும்போது மேடு தெரிந்தால் முள்ளந்தண்டு வளைந்ததோடு திருகியும் இருக்கிறது. சுழல் படிக்கட்டு மாதிரி எலும்புகள் திரும்ப, அவற்றில் பொருந்திய விலா எலும்புகளும் கூடவே பின்பக்கம் தள்ளப்படுகின்றன. வளரும் வயதுப் பிள்ளையின் முதுகில் அந்த மேடு தெரிந்தால் வைத்தியரிடம் போக அது ஒன்றே போதும். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். இந்த வளைவு பெரும்பாலும் வலிப்பதே இல்லை, அதனால்தான் சட்டைக்குள் ஒளிந்திருந்து ஒரு வருடத்தைத் தின்றுவிடுகிறது. நடன ரீச்சருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்ட மற்றக் காரணங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். புத்தகப்பை காரணமல்ல. போன் காரணமல்ல. கூன் போட்டு இருந்து படித்ததும் காரணமல்ல. கல்சியக் குளிசை வாங்கிக் கொடுத்து இதை நிமிர்த்த முடியாது. பதின்ம வயதில் வரும் இந்த வளைவுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது; குடும்பத்தில் இழையோடும் என்பது மட்டும் தெரியும். நீங்கள் செய்த ஏதோ ஒன்றால் வந்ததல்ல, உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நாலு மணித்தியாலம் ரியூசன் வாங்கில் இருந்து வந்த பிள்ளைக்கு முதுகு உளைவது, நேரான முதுகு உள்ள பிள்ளைக்கும் உளைவதுதான். இரவில் நித்திரையிலிருந்து எழுப்பும் வலி, காலில் பலக்குறைவு, நடையில் தடுமாற்றம், சலம் மலம் அடக்க முடியாமல் போவது என்று ஏதாவது வந்தால் மட்டும் கதை வேறு. அப்போது கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அந்தத் தோள்பட்டியைக் கழற்றி வையுங்கள். அது தோளைப் பின்னுக்கு இழுக்கிறது, திருகிய எலும்பில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அதைவிட மோசம், ஏதோ சிகிச்சை நடக்கிறது என்ற திருப்தியைத் தந்து உங்கள் நாலு மாதத்தை எடுத்துக்கொண்டது. இத்தனை நாளில் நேராக்கித் தருகிறேன் என்று முதுகைச் சொடக்கு எடுக்கும் வீடியோக்களும் இதே ரகம்தான். எண்ணெய் தேய்ப்பதில் கேடில்லை, ஆனால் முறுக்கி, அமத்தி, இழுத்து நிமிர்த்துகிறேன் என்று யார் வந்தாலும் பிள்ளையின் முதுகில் கைவைக்க விடாதீர்கள். ஒரு முதுகெலும்பு நிபுணரைச் சனல் பண்ணப் போகும் காசுக்கு மேல் இந்தப் பட்டிக்கும் தைலத்துக்கும் கொட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, பெற்றோர் மேல் அல்ல, விற்பவர்கள் மேல்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இந்த மாதத்துக்குள் எலும்பியல் நிபுணரிடம் போங்கள். கொழும்பில் இருக்கிறீர்கள், பொரளை சிறுவர் வைத்தியசாலையும் தேசிய வைத்தியசாலையும் பஸ் தூரத்தில்தான், அரசாங்க கிளினிக்கில் காசும் இல்லை. பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. புதிய படம் நின்ற நிலையில், முழு முள்ளந்தண்டும் தெரிய எடுக்கப்பட வேண்டும். கதிர் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி எடுத்தால் வளரும் மார்பகத்துக்குப் போகும் அளவு குறையும், அதையும் கேளுங்கள். அளப்பதில் 5 பாகை வரை வித்தியாசம் சாதாரணமாக வரும். 22 என்பது 24 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வெளியே வர வேண்டாம். ஆனால் 5 பாகைக்கு மேல் கூடியிருந்தால், அல்லது 25ஐத் தாண்டியிருந்தால், வளர்ச்சி மிச்சமிருக்கும் இந்தப் பிள்ளைக்கு பிரேஸ் போடச் சொல்வார்கள். அப்படி இல்லையென்றால் நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பிரேஸ் என்றதும் பயப்படுகிறார்கள். நீங்கள் வாங்கிய பட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளையின் உடம்பை அளந்து, வளைவைக் குறிப்பான இடங்களில் அழுத்தும்படி செய்யப்படும் கெட்டியான பிளாஸ்டிக் கவசம் அது. வளைவை அது நிமிர்த்துவதில்லை, கூடாமல் பிடித்து வைக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இராது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 வீதத்தினர் சத்திரசிகிச்சை அளவான 50 பாகையைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாமல் கவனித்து மட்டும் வந்தவர்களில் அது 48 வீதம். நாளுக்கு ஏறக்குறைய 13 மணித்தியாலத்துக்கு மேல் போட்டவர்களில் வெற்றி 90 வீதத்தையும் தாண்டியது. அலுமாரிக்குள் கிடக்கும் பிரேஸால் ஒரு பாகையும் நிற்காது. வைத்தியர் சொல்லும் மணித்தியாலம் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

கொழும்பு வெயிலில் அது சிரமம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். உள்ளே தையல் இல்லாத பருத்திப் பெனியன் போடுங்கள், வியர்த்தால் மாற்றுங்கள், கிறீம், பவுடர் எதுவும் பூச வேண்டாம். கழற்றியதும் தெரியும் சிவப்பு அரை மணித்தியாலத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாமல் நின்றாலோ தோல் உரிந்தாலோ பிரேஸைத் திருத்த வேண்டும். குளிக்கவும் நடன வகுப்புக்கும் பொதுவாகக் கழற்றலாம். இந்த வளைவுக்கென்றே உள்ள பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தால் செய்யட்டும், முதுகுத் தசைக்கு நல்லது; பிரேஸுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நடனத்தை நிறுத்தவே வேண்டாம். உசைன் போல்ட்டுக்கும் முள்ளந்தண்டு வளைவு இருக்கிறது, அவர் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், பிள்ளையிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்த பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? நீங்கள் மறைத்தால் அவள் தானாகத் தேடி, அதே பயங்கர வீடியோக்களில் போய் விழுவாள். படத்தை வைத்தியரே அவளுக்குக் காட்டி விளக்கட்டும், அவள் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். நாளைக்கு பிரேஸ் போட வேண்டி வந்தால் பள்ளிக்கூடத்தில் அதைச் சுமக்கப் போகிறவள் அவள்தான், சம்மதமும் அவளுடையதாக இருக்க வேண்டும். அவள் காதுபடக் கலியாணப் பேச்சு வேண்டாம். மாமியிடமும் சொல்லிவிடுங்கள்.

தங்கையையும் அதே மாதிரிக் குனியவைத்துப் பாருங்கள். அக்காவுக்கு இருப்பதால் அவளுக்கும் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடச் சற்றுக் கூட. இப்போது ஒன்றும் தெரியாவிட்டால் எக்ஸ்ரே தேவையில்லை. வளர்ந்து முடியும் வரை மூன்று, நாலு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். மேடு தெரிந்தால் 10 வயதுக்கு முன்னரே வருவதை வைத்தியர்கள் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கேட்பார்கள், ஆகவே அக்காவின் கிளினிக் திகதியிலேயே அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.